பூசணிக்காயைச் சுற்றி மூன்று சுற்று

எங்கள் ஊரில் யாரிடம் எதைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். விருத்தாசலம் ஜங்ஷனில் நின்று சேலம் வண்டி எத்தனையாவது பிளாட்பாரம் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று பேர் மூன்று நம்பர் சொல்வார்கள். மூன்று பேருமே அடித்துச் சொல்வார்கள். தெரியாது என்று சொல்வது எங்கள் ஆட்களுக்கு மானப் பிரச்சினை. நானும் அந்த ரகம்தான். அதனாலேயே அந்தப் பையனை முதலில் எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் "தெரியிலக்கா" என்பான். வெட்கமே படாமல் மூஞ்சிக்கு நேராகச் சொல்வான். அதோடு விட்டாலும் பரவாயில்லை. "பாத்துட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவான். ஒருநாள் கம்பெனியில் கரண்ட் போய்விட்டது. எப்போது வரும் என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு கரண்ட் ஆபீசுக்கே போய்விட்டான். வேர்த்து விறுவிறுக்கத் திரும்பி வந்து, "மூணு மணிக்கு வந்துடுமாங்கா" என்றான். அப்போது மணி மூன்றரை. தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. "ரொம்ப நன்றிங்க சார்" என்றேன். அன்றிலிருந்து அவன் எனக்கு சார்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் போன் பண்ணி, "எல்லாம் சரிதாங்கா, ரெண்டு எடத்துல தப்பா எழுதியிருக்கீங்க" என்பான். அந்த வம்பு எனக்கு வேண்டாம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். நான் ஊறுகாய் ஜாடி செய்கிற பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். சுடாத ஜாடியைக் கிளேஸில், அதாவது சுட்டால் பளபளப்பு ஏறுகிற கரைசலில், முக்கி எடுத்து, அடிப்பக்கத்தை மட்டும் ஸ்பாஞ்சால் துடைத்து வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு ஜாடி. அவன் அப்பா அங்கே லாரி டிரைவர். களிமண் ஏற்றி வருவார், ஜாடி ஏற்றிப் போவார். பையனுக்குப் பதினெட்டு வயசு, பாலிடெக்னிக்கில் படித்தான். அப்பாவுக்குச் சோறு கொண்டுவருகிற சாக்கில் தினமும் கம்பெனிக்குள் நுழைந்துவிடுவான்.

அவன் கார் வாங்கியதும் அந்தத் 'தெரியாது'வை வைத்துத்தான். மங்கலம்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் பழைய அம்பாசிடர் ஒன்று மூன்று வருஷமாக நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். அவருடைய அம்மாதான் விற்கிற பொறுப்பு. பார்க்க வந்தவர்கள் எல்லாம் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இஞ்சின் போச்சும்மா, எடைக்குத்தான் ஆவும்" என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டிருக்கிறார்கள். இவன் போனபோது அந்தம்மா, "நீ சொல்லுப்பா, ஓடுமா ஓடாதா?" என்றார்களாம்.

"தெரியிலீங்கம்மா. பாத்துட்டுத்தான் சொல்லணும்."

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தவன் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எழுந்தான். "இஞ்சின் நல்லா இருக்குதும்மா. ஒயரத்தான் எலி கடிச்சிருக்குது. சரி பண்ணா ஓடும். நீங்க வெலய ஏத்தியே சொல்லலாம்" என்றிருக்கிறான். வாங்கப் போனவன் பேசுகிற பேச்சா இது? அந்தம்மா அவனுக்குச் சர்பத் கொடுத்து, "வந்தவங்கள்லயே உண்மைய பேசுனது நீ ஒருத்தந்தான். நீயே ஓட்டிட்டுப் போப்பா" என்று சாவியைக் கையில் வைத்துவிட்டார்கள். லீவு நாட்களில் எங்கள் சூளையில் ஜாடி அடுக்கி அவன் சேர்த்திருந்த காசு அதற்குச் சரியாகப் போயிற்று.

டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். வெள்ளையாக இருந்த கார் பழுப்பாகிக் கிடந்தது. நான் ஒரு தட்டில் கிளேஸ் தண்ணீரை ஊற்றி வண்டிக்கு ஆரத்தி சுற்றினேன். பெண்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"இத வச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க சார்?"

"வழுக்க வுடப் போறங்கா."

எனக்கு விளங்கவில்லை. உடைந்த ஜாடித் துண்டு ஒன்றை எடுத்துச் சிமெண்டுக் களத்தில் படம் போட்டுக் காட்டினான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் பார்த்தானாம். ஜப்பான்காரன் ஒருவன் மலைப்பாதை வளைவில் காரைக் குறுக்குவாட்டில் ஓட்டுகிறான். வண்டியின் மூஞ்சி ஒரு பக்கம் பார்க்க, வண்டி இன்னொரு பக்கம் போகிறது. பின்சக்கரம் வழுக்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் வண்டி அவன் சொன்ன இடத்துக்குத்தான் போகிறது. அதற்கு டிரிஃப்டிங் என்று பேர். பின்சக்கரம் தள்ளுகிற வண்டிதான் வேண்டும், நம்ம ஊரில் அதற்கு அம்பாசிடரை விட்டால் வேறு என்ன கிடைக்கும் என்றான். நெட் அவ்வளவு மெதுவாம், அரை மணி நேரத்தில் ஒன்றரை நிமிஷப் படம்தான் ஓடுமாம். அதையே இருபது தடவை பார்த்திருக்கிறான்.

படத்தைப் பார்த்து வந்த ஆசை என்று நினைத்தேன். அது இல்லை. முந்தின மழைக்காலத்தில் நடந்த ஒன்றுதான் அதற்குக் காரணம், நானே அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

அவன் அப்பா இருபத்தைந்து வருஷமாக லாரி ஓட்டியவர். "சக்கரம் எம் பேச்ச கேக்கும்" என்று சொல்லிக்கொள்வார். அந்த மழையில் களிமண் லோடோடு கேட்டில் திரும்பியபோது லாரியின் பின்பக்கம் வழுக்கிப் போய் கேட் தூணை அடித்துச் சாய்த்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் மனுஷர் அரை மணி நேரம் கேபினை விட்டு இறங்கவே இல்லை. இறங்கியபோது ஆளுக்கு ஒன்று சொன்னோம். டயர் தேய்ந்துவிட்டது, பிரேக் சரியில்லை, கண் மங்கிவிட்டது. கண் என்று சொன்னது நான். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பையன் மட்டும் சேற்றில் குத்தவைத்து டயர் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து, "ஏம்ப்பா, முன்சக்கரம் நேராத்தான் போயிருக்குது. பின்னாடி மட்டும் ஏன் போச்சு?" என்று கேட்டான். அத்தனை பேர் முன்னாலும் அவர் அவனை ஓங்கி அறைந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. இவனோ அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறான். கார் வந்ததும் அவர் எல்லோரிடமும், "வண்டி வழுக்குனா டிரைவருக்குக் கேவலம். எம் புள்ள அத காசு குடுத்துக் கத்துக்கறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகன் தன்னைக் குத்திக்காட்டத்தான் இதைச் செய்கிறான் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது.

சூளைக்குப் பின்னால், உடைசல் கொட்டுகிற இடத்தில் காரை நிறுத்திக்கொள்ள மேஸ்திரி அனுமதி கொடுத்தார். மூன்று மாதம் அதைப் பிரித்துப் போட்டு மாட்டினான். எங்கள் கம்பெனியில் தேய்ந்துபோன பிளாஸ்டர் அச்சுகள் குவிந்து கிடக்கும். ஜாடி வார்க்கிற அச்சு. அதில் ஒவ்வொன்றிலும் ஒரு பார்ட்ஸின் நட்டு போல்ட்டைப் போட்டு வைத்தான். எண்ணெயை அச்சு உறிஞ்சிக்கொள்ளும், மறுநாள் நட்டு காய்ந்து சுத்தமாக இருக்கும். அச்சின் மேல் பென்சிலால் எழுதியிருப்பான். சிலவற்றின் மேல், 'எதுக்குன்னு தெரியல' என்று எழுதியிருக்கும். அந்த அச்சுகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. கடைசி அச்சைக் கவிழ்த்து வைத்த அன்றைக்கு எங்களுக்கெல்லாம் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தான்.

வெல்டிங் கடையில் பெரிய ரகளை. கார் வளைவில் திரும்பும்போது பின்சக்கரம் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், அதற்கென்று நடுவில் பல்சக்கரங்கள் இருக்கின்றன. அந்தப் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று பற்றவைத்துவிடச் சொன்னான். அப்போதுதான் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும், சேர்ந்து வழுக்கும். வெல்டிங்காரர் ராடைக் கீழே போட்டுவிட்டார்.

"அடப்பாவி, இத பத்த வச்சா வண்டி திரும்பாதுடா."

"திரும்ப வாணாம்ண்ணே, வழுக்குனா போதும்."

"வழுக்குமா?"

"தெரியிலண்ணே. பத்த வச்சாத்தான் தெரியும்."

அவர் பற்றவைத்துக் கொடுத்தார். என்னதான் ஆகும் என்று பார்க்க அவருக்கும் ஆசை வந்திருக்க வேண்டும்.

முதல் ஓட்டம் படுதோல்வி. காய்ந்த களத்தில் டயர் கீச்சென்று கத்தியது, வண்டி முக்கியது, நின்றுவிட்டது. "நடக்கலங்கா. இந்த இஞ்சினுக்கு அவ்ளோ பலம் இல்ல" என்று, யாரோ வேறொருத்தர் வண்டியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஊரே சிரித்ததில் நானும் சேர்ந்து சிரித்திருந்தேன்.

வழி கிடைத்தது என்னால்தான். பெருமைப்பட ஒன்றுமில்லை, நான் விழுந்தேன், அவ்வளவுதான். ஜாடி வார்ப்பதற்குக் களிமண்ணைப் பாயசம் பதத்தில் கரைத்துத் தொட்டியில் வைத்திருப்பார்கள். ஸ்லிப்பு என்போம். தொட்டி ஓரத்தில் சிந்தியிருந்ததில் காலை வைத்தேன். சர்ரென்று ஐந்தடி போய் உட்கார்ந்தேன். எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. தூக்கிவிடவும் இல்லை. நான் வழுக்கிய தடத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "எருமை, கைய குடுடா" என்று கத்திய பிறகுதான் என் ஞாபகமே வந்தது அவனுக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வார்த்து மிஞ்சிய ஸ்லிப்பைக் களத்தில் பரப்பிவிட்டு வண்டியை எடுத்தான். சைக்கிள் வேகம்தான். அந்தக் கிழட்டுக் கார் அப்படியே இடுப்பை ஒடித்துக்கொண்டு பக்கவாட்டில் போனது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இரண்டாவது ஞாயிறு அரைவட்டம் போட்டான். மூன்றாவது ஞாயிறு, அடுக்கி வைத்திருந்த ஜாடிகளுக்குள் கொண்டுபோய் விட்டான்.

முதலாளியிடம் தானே போய், "நாந்தான் சார் ஒடச்சேன்" என்றான். ஏன்டா உடைந்தது என்று அவர் கேட்டதற்கு, "இன்னும் தெரியில சார், பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றானே பார்க்கலாம். அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஆயுத பூஜை முடிந்ததும் கார் கம்பெனியை விட்டுப் போக வேண்டும் என்று அவன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வீட்டிலோ சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது.

"ஆயுத பூஜ முடிஞ்ச மறுநாளு காயலாங்கடக்காரன் வரான். வண்டி எடைக்குப் போவுது" என்றார் அப்பா.

பையன் கெஞ்சவில்லை. "பூஜ அன்னிக்கு ஒரே ஒரு தடவ ஓட்டிக் காட்டறம்ப்பா. நடுவுல பூசணிக்காய வைங்க. அத சுத்தி மூணு சுத்து வழுக்கிகினே வரேன். காய் மேல பட்டா வண்டிய நீங்க குடுத்துடுங்க."

"படலன்னா?"

"வண்டி இருக்கட்டும். எடம் நான் பாத்துக்கறேன்."

அவர் மகனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சரி என்றார். பட்டுவிடும் என்று அவருக்கு நிச்சயம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பூஜைக்கு முந்தின சாயங்காலம் களத்தின் ஒரு பாதியில் ஸ்லிப்பைப் பரப்பி, காய்ந்துவிடாமல் ஈரச்சாக்கு போட்டு மூடிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் பெண்கள் எல்லோரும் கம்பெனியைக் கழுவிக் கோலம் போடப் போயிருந்தோம். வருஷா வருஷம் செய்வதுதான். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத இன்னாக்கா பண்றது?" என்று கேட்டாள். நான் தூரத்தில் கோலமாவோடு நின்றேன். எதைக் கேட்கிறாள் என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "எல்லாத்தையும் கழுவுடி, இதெல்லாம் ஒரு கேள்வியா" என்றேன்.

கழுவினார்கள். அழுக்கு போகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். நான் அதன்மேல் இருபத்தோரு புள்ளிக் கோலம் போட்டேன். பாதிக் கோலத்தில்தான் எனக்கு உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

அவன் பூசணிக்காயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். களத்தைப் பார்த்தான். "யாரு கழுவனது?" என்றான்.

"நாந்தான்டா. நாந்தான் சொன்னேன்."

"சரிக்கா" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் அப்பா வெள்ளை வேட்டியில் லாரிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தொட்டி நிறைய ஸ்லிப்பு இருந்தது. வாளியை எடுக்கப் போனால் வாளிக்குக் குங்குமம் வைத்துப் பூஜையில் வைத்தாயிற்று. சொம்பு, மொண்டு ஊற்றுகிற மக்கு, துடைப்பம், ரப்பர் பைப்பு எல்லாம் சாமிக்கு முன்னால் வரிசையாக இருந்தன. மேஸ்திரி குறுக்கே வந்து நின்றார். "பூஜையில வச்சத எடுக்கக் கூடாது. நாளைக்குத்தான் தொடணும்."

அப்போதுதான் சூளைக்கு வெளியே கிடந்த கோணல் ஜாடிகள் என் கண்ணில் பட்டன. சுடும்போது வாய் கோணி, இடுப்பு நெளிந்து, விற்க முடியாமல் ஒதுக்கியவை. அதற்கு யாரும் பொட்டு வைக்கவில்லை.

"ஏய், ஆளுக்கொரு ஜாடிய எடுங்கடி" என்று கத்தினேன்.

"வேல செய்யக் கூடாதும்மா இன்னிக்கு" என்றார் மேஸ்திரி.

"இது வேல இல்லீங்க மேஸ்திரி, வெளையாட்டு."

பதினெட்டுப் பேர். பூஜைக்குக் கட்டிய புதுப் புடவை. இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டியிலிருந்து களம் வரை வரிசையாக நின்று ஜாடியைக் கைமாற்றினோம். துடைப்பம் இல்லாததால் காலால் தேய்த்துப் பரப்பினோம். ஒருத்தி வழுக்கினால் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தாள். கோலம் போன இடம் தெரியவில்லை. பையன் எங்களோடு சேர்ந்து தேய்த்துக்கொண்டே, "இங்க கொஞ்சம் தண்ணியா வேணுங்கா, அங்க கெட்டியா இருக்குது" என்று திருத்திக்கொண்டிருந்தான். பூஜை மணி அடிப்பதற்குள் களம் பாலாடை விரித்ததுபோல ஆகிவிட்டது. நடுவில் பூசணிக்காயைக் கொண்டுபோய் வைத்தவர் அவன் அப்பா. சரியாக நடுவில்தான் வைத்தார், ஏமாற்றவில்லை.

கார் வந்தது. முதல் சுற்றில் அகலமாகப் போனான். மூஞ்சி காயைப் பார்த்தபடி, பின்பக்கம் வெளியே விரிந்து, வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் சுற்றியது. களிமண் இறக்கை விரித்துத் தெறித்தது. வண்டி இடதுபக்கம் சுற்றும்போது அவன் ஸ்டியரிங்கை வலதுபக்கம் பிடித்திருந்தான். அதைப் பார்த்த லாரிக் கிளீனர், "யோவ், தப்பா ஒடிக்கிறான்யா" என்று அலறினார். அவன் அப்பா அவர் தோளைப் பிடித்து அடக்கினார்.

இரண்டாவது சுற்றில் வட்டம் சின்னதானது. முன் பம்பர் காயை ஒரு சாண் இடைவெளியில் கடந்தது. நான் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சுற்றில்தான் வந்தது வினை. ஒரே தடத்தில் போய்ப் போய் டயர் ஸ்லிப்பை வழித்து எடுத்துவிட்டிருந்தது. அடியில் சிமெண்டு தெரிந்தது. அந்த இடத்தில் சக்கரம் பிடித்துக்கொண்டால் வண்டி நேராகக் காய்மேல் பாயும். எங்களுக்கு அது புரியவில்லை. டிரைவரான அவன் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "வெளிய எடு" என்று அவர் முனகியது என் காதில் விழுந்தது. அடுத்த மூச்சில் களமே அதிரக் கத்தினார். "வெளிய எட்றா, மண்ணு இருக்கற பக்கம் எட்றா!"

இஞ்சின் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்டிருக்க வழியில்லை. ஆனால் அதே நொடியில் அவன் வண்டியை இரண்டடி வெளியே தள்ளினான். பின்சக்கரம் புது மண்ணில் ஏறியது. கார் ஒரு ஆட்டம் ஆடி, மறுபடி வழுக்கி, முழுச் சுற்றும் முடித்து நின்றது.

அவன் அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்லிப்பில் இறங்கி நடந்தார். வேட்டியெல்லாம் களிமண். காயைக் கையில் எடுத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கீறல் இல்லை. குங்குமம்கூட அழியவில்லை.

பையன் காரை விட்டு இறங்கி நின்றான். கண்ணைத் தவிர எல்லா இடத்திலும் மண்.

"பிரேக்க தொடவே இல்லியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. தொட்டா சுத்திப்புடும்."

அவர் குனிந்து டயர் தடத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "மேஸ்திரி, காயலாங்கடக்காரன வர வாணாம்னு சொல்லிடு" என்றார்.

"அத அப்பறம் பாக்கலாம்யா. நேரம் போவுது, காய ஒடை" என்றார் மேஸ்திரி. கற்பூரத்தைக் காயின்மேல் வைத்துக் கொளுத்தியும் விட்டார். கம்பெனியில் இருக்கிற டிரைவர்களில் பெரியவர்தான் வண்டிகளுக்கு முன்னால் பூசணிக்காய் உடைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வரை எல்லா வருஷமும் பையனுடைய அப்பாதான் உடைத்திருக்கிறார்.

அவர் எரிகிற கற்பூரத்தோடு காயை இரண்டு கையாலும் தூக்கி மகனுடைய கையில் வைத்தார்.

"பெரிய டிரைவருதான் ஒடைக்கணும். நீ ஒட."

அவன் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு லாரிக்கு முன்னால் போய், மூன்று தடவை சுற்றி, தலைக்கு மேலே தூக்கி, பலம் கொண்ட மட்டும் தரையில் போட்டான். காய் எட்டாகச் சிதறியது. நான் களிமண் அப்பிய இரண்டு விரலை வாய்க்குள் விட்டு விசிலடித்தேன். பூஜையில் பொம்பளை விசிலடிக்கிறாளே என்று மேஸ்திரி முறைத்தார். நான் இன்னொரு தடவை அடித்தேன்.